நாக்கு வழங்கும் தீர்ப்பு

அறுசுவை என்று நம் முன்னோர் வகுத்தவற்றுள் இனிப்புக்கும் புளிப்புக்கும் கிடைத்த மதிப்பு துவர்ப்புக்குக் கிடைத்ததில்லை. வாழைப்பூவையும் மாதுளந்தோலையும் கடுக்காயையும் நாவிலிட்டவர் மட்டுமே அதனை நினைவிற் கொள்வர். ஆயினும், உலகத்தார் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் இரு பானங்களின் உயிர் இந்தத் துவர்ப்பிலேதான் இருக்கிறது. ஒன்று, மேனாட்டார் ஆண்டுக்கணக்கில் நிலவறையில் வைத்துப் போற்றும் சிவப்புத் திராட்சை மது. மற்றொன்று, நமது மலைநாட்டுத் தேநீர்.

மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுவதால், அப்பொருள் நம் இலக்கியத்துக்குப் புதியதுமன்று. திராட்சையின் தோலிலும் விதையிலுமுள்ள 'டானின்' என்னும் பொருளே சிவப்பு மதுவுக்குத் துவர்ப்பைத் தருகிறது. புது மதுவில் அது நாவைக் கரகரவென்று பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பொருள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரு பகுதி வண்டலாகப் படியும், கரகரப்பு அடங்கும், ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறும். பழவாசனை தணிந்து, பதனிட்ட தோல், புகையிலை, ஈரமான காட்டுமண், உலர்ந்த பழம் ஆகியவற்றின் மணங்கள் தலைகாட்டும். இவ்வாறு அறிந்த பொருளைக் கொண்டு அறியாத சுவையை விளக்குவதே சுவைஞர்களின் வழி.

தேநீருக்கு இந்த முதுமைப் பேறு கிடையாது. சீனத்தின் 'பூஅர்' போன்ற சில வகைகள் நீங்கலாக, தேயிலை நாள்பட நாள்பட மணம் குன்றுவதே இயல்பு. ஆகவே, மதுவை மதிப்பிடுவோர் பல ஆண்டுகள் காத்திருக்கலாம். தேயிலையை மதிப்பிடுவோர் தாமதிக்க முடியாது.

சுவைக் கூடத்திலே

கோப்பிப் பயிரை 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் அழித்த கதையை நம் மாணவர்கள் படித்திருப்பர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 2020இல் அந்த ஏலம் கணினி வழிக்கு மாறிவிட்டது. ஆனால் ஏலத்துக்கு முன் நிகழும் சுவைத்தற் சடங்கை எந்தக் கணினியும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நீண்ட மேசை. அதன்மீது வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களும் மூடியுள்ள சிறு பாத்திரங்களும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் சரியாக நிறுத்த தேயிலையை இட்டு, அப்போதே கொதித்த நீரை ஊற்றுவர். 1980இல் வெளியான சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று வரையறுக்கிறது. பின்னர் சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின்மீது கவிழ்த்து வைப்பர். உலர்ந்த தேயிலை, ஊறிய இலை, சாயம் ஆகிய மூன்றும் சாட்சிகள், சுவைஞரே நீதிபதி.

அவர் ஒரு கரண்டிச் சாயத்தை 'சுர்' என்ற ஓசையுடன் உறிஞ்சுவார். நம் வீட்டுப் பெரியவர்கள் இதனைக் கண்டால் கண்டிப்பர்! ஆனால் அந்த ஓசையில் காரணம் உண்டு. காற்றோடு சிதறும் சாயம் நாவெங்கும் பரவுகிறது. அதன் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகிறது. ஓரிரு நொடிகளில் அதனை உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். இவ்வாறு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைப்பதுண்டு.

சொல்லின் பின்னே ஒரு கை

சுவைஞரின் வாயிலிருந்து பிறப்பவை பெரும்பாலும் ஒற்றைச் சொற்கள். 'பிரிஸ்க்' என்றால் நாவைத் துள்ளி எழச் செய்யும் உயிர்த்துடிப்பு. அதற்கு எதிர்ச்சொல் 'பிளாட்', அதாவது சோர்ந்து கிடப்பது. 'பாடி' என்றால் வாய் நிறையும் கனம். 'பிரைட்' என்றால் சாயத்தின் ஒளி. நல்ல தேநீர் ஆறும்போது பாலேடு படர்ந்தாற்போல் மங்கும். அதனைக் குறையென்று கருதாது 'கிரீம்' என்று போற்றுவர்.

இச்சொற்கள் வெறும் அலங்காரமல்ல. ஒவ்வொன்றும் தோட்டத்தில் யாரோ ஒருவருடைய கைக்கு எழுதப்படும் கடிதம். கொய்த கொழுந்தை முதலில் வாட்டி, பின் உருட்டி, காற்றுப்பட வைத்து, இறுதியில் சூட்டில் உலர்த்துகின்றனர். காற்றுப்படும்போது இலையின் துவர்ப்புப் பொருள்கள் 'தியாஃபிளேவின்', 'தியாருபிஜின்' என்பனவாக மாறுகின்றன. முன்னது துடிப்பையும் ஒளியையும் தருவது. பின்னது நிறத்தையும் கனத்தையும் தருவது. அளவுக்கு மிஞ்சிக் காற்றுப்பட்டால் முன்னது குறைந்து, சாயம் கறுத்துத் துடிப்பிழக்கும். போதாவிடில் பச்சைவாடை நீங்காது. சுவைஞர் 'கிரீன்' என்பார். உலர்த்தும் சூடு குறைந்து இலை மெல்ல வெந்தால் 'ஸ்டூட்', மிகுந்தால் 'பேக்கி', உலையின் புகை கசிந்தால் 'ஸ்மோக்கி'. தொழிற்சாலையில் இரவு விழித்திருந்தவர் எந்த நேரத்தில் கண்ணயர்ந்தார் என்பதைக்கூடக் கிண்ணம் காட்டிக் கொடுத்துவிடும்!

மலையும் காற்றும் பேசுகின்றன. 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் தேநீர் மெல்லிய நிறமும் நுண்ணிய மணமும் உடையது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புல மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பகல் உலர்ந்து இரவு குளிரும். அப்போது கொழுந்து மெல்ல வளர்ந்து மணம் செறியும். மலையின் மறுபுறமுள்ள ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று அதே வேலையைச் செய்கிறது. இந்நுட்பங்களை ஆராய 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது.

எடையும் சுவையும்

எல்லாவற்றுக்கும் முதற்காரணம் 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' கொய்யும் விரல்களே. முற்றிய இலை கலந்தால் சாயம் நீர்த்துப்போகும். கூடையில் அமுக்கித் திணித்த கொழுந்து கசங்கிச் சூடேறி, ஆலைக்குச் செல்லுமுன்பே சிவந்துவிடும். அதன் சாயத்தில் ஒளி இராது. கொழுந்து பறிக்கும் பெண் இதனை நன்கறிவாள். ஆனால் முழுப் 'பேர்' விழவேண்டுமாயின் இத்தனை கிலோ என்ற கணக்கு அவள் தலைமேல் நிற்கிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தேயிலைக்கு விலை சுவையால். கொய்தவளுக்குக் கூலி எடையால். இந்த இரு துலாக்கோல்களும் ஒன்றையொன்று நோக்காத வரையில், நல்ல தேநீரைப் பற்றிய பேச்சு பாதிப் பேச்சாகவே இருக்கும்.

இன்னுமொன்று. இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் கடந்து செல்கிறது. உயர்ந்த தரம் லயத்து அடுப்பை எட்டுவது அரிது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை வளர்த்தவர்கள் அதன் சிறப்பைச் சுவைத்தறியாமலும், அதனைத் தீர்மானிக்கும் சொற்களைக் கேட்டறியாமலும் இருப்பது நியாயமாகுமா?

வீட்டிலே ஒரு சோதனை

மாணவர்கள் இவ்வித்தையின் முதற்பாடத்தைச் சமையலறையிலேயே கற்கலாம். மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் மேற்கூறிய அளவுப்படி ஆறு நிமிடம் ஊறிய சாயம். இரண்டாவதில் அதே தேயிலையை அடுப்பில் பத்து நிமிடம் காய்ச்சிய சாயம். மூன்றாவதில் பல மாதம் திறந்து கிடந்த பழைய தேயிலையின் சாயம். பாலும் சீனியும் வேண்டா. முதலில் நிறத்தைப் பாருங்கள், பின் முகருங்கள், சற்றே ஆறியபின் சுவையுங்கள். கசப்பு நாவிலே தங்கும். துவர்ப்போ கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பாதிச் சுவைஞராகிவிட்டார்.

உணர்ந்ததை உடனே எழுதுங்கள். மால்ட்டும் செர்ரியும் தெரியாவிட்டால் குறையில்லை. வறுத்த உளுந்து, பனங்கருப்பட்டி, மழை விழுந்த மண், சுக்கு, வைக்கோல் என்று நமக்குப் பழகிய மணங்களாலேயே எழுதலாம். மற்றொருவர் படித்து அதே சுவையை அடையாளங் கண்டால் அந்தச் சொல் செல்லுபடியாகும். இல்லையேல் வேறு சொல் தேடுக. தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: தேயிலை பிற வாசனைகளை எளிதில் ஈர்க்கும். சவர்க்காரத்துக்கும் மசாலாவுக்கும் அருகில் வையாது, இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

கூர்மையான நாக்கு பிறவியிலே வாய்த்த வரம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் பயிற்சியும் நினைவாற்றலும் சேர்ந்து தரும் பயனே. கொழுந்தின் பதத்தை விரல் நுனியால் அறியும் சமூகத்துக்கு, அதன் சுவையை நாவின் நுனியால் அறிவது அரிதாகுமா? தேயிலை மலைகளின் பிள்ளைகள் சுவைக் கூடத்தில் நீதிபதிகளாக நிற்கும்போது, மலையில் நின்ற கைகளுக்குரிய மதிப்பும் அந்தத் தீர்ப்பில் இடம்பெறும் என்று நம்பலாம்.