காப்பியும் கவாத்துக் கத்தியும்

ஊத்தங்கரையிலிருந்து அரூர் வழியாகச் சேலம் செல்வோர் மஞ்சவாடிக் கணவாயை நெருங்கும்போது மேற்கே சேர்வராயன் மலையைக் காணலாம். 1965 வரையில் ஊத்தங்கரையும் அம்மலையும் ஒரே சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் ஏற்காட்டில் காப்பியைப் பயிராக்கினார். இருநூறு வருஷங்களாகியும் நம்மவர் காப்பியின் ருசியைப் பற்றிப் பேசுவதெல்லாம் வறுப்பதையும் வடிப்பதையும் பற்றியே. அந்த ருசிக்கு அஸ்திவாரமிடுவது கவாத்துக் கத்தி என்பதைக் கவனிப்போர் மிகச் சிலர்.

அராபிகாச் செடி சென்ற வருஷம் வளர்ந்த கொம்பில்தான் பூக்கும். ஒரு முறை காய்த்த கணு பெரும்பாலும் மறுபடி காய்ப்பதில்லை. ஆகவே அறுவடை முடிந்ததும் ஓய்ந்த கொம்பை அகற்றிப் புதுக் கொம்புக்கு இடம் விடவேண்டும். கூலி மிச்சமென்று இதைத் தள்ளிப்போட்டால் செடி புதராகிறது. உள்ளே வெளிச்சமும் காற்றும் புகுவதில்லை. இருக்கும் இலைகள் ஊட்ட முடியாத அளவுக்குக் காய் பிடித்தால், கொட்டை சிறுத்துக் கனமிழக்கும். கொம்பு நுனியிலிருந்து காய்ந்து வரும். மறு வருஷத்து விளைவும் போகும். ஒரு வருஷத்தின் பேராசைக்கு இரு வருஷத் தண்டனை!

கத்தியை மிஞ்சி வீசுவதும் கேடே. நிழல் மரங்களைக் கழிப்பதிலும் அப்படித்தான். மிதமான நிழலில் பழம் மெதுவாகப் பழுத்துக் கொட்டை இறுகுகிறது. நிழலை அடியோடு திறந்துவிட்டாலோ தண்டு துளைக்கும் வண்டுக்குக் கொண்டாட்டம். இத்தனைக்கும் மேலே மழை ஒன்றிருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பூமழை பெய்து, பின் மற்றொரு மழை தொடர்ந்தாலன்றிப் பிஞ்சு நிலைக்காது. வானத்தை நாம் திருத்த முடியாது. கத்தி நம் கையில் உள்ளது.

எந்தக் கொம்பை விடுவது, எதை வெட்டுவது என்பதைச் செடிக்குச் செடி நிர்ணயிப்பவர் தொழிலாளியே. அந்தத் தேர்ச்சிக்குத் தக்க கூலி கிடைக்கவேண்டாமா? சேர்வராயன் மலையில் சிறு நிலங்களில் காப்பி வைத்திருக்கும் மலையாளிக் குடியானவரின் நிலைமையும் யோசிக்கத்தக்கது. ஆலையில் கொட்டையைச் சலித்துப் பருமனுக்கேற்பத் தரம் பிரிக்கிறார்கள். பெரிய கொட்டைக்கே மதிப்பு. ஆனால் பழமாகவோ உலர்ந்த காயாகவோ நிறைபோட்டு விற்றுவிடுபவருக்கு அந்த லாபம் எட்டுவதில்லை. பலன் காணாதவரைக் கவாத்து செய்யென்று உபதேசிப்பது எளிது.

1942-ல் ஏற்பட்ட காப்பி போர்டு ஒரு காலத்தில் விளைவைத் தானே திரட்டி விற்றது. 1996-க்குள் அம்முறை நீங்கி, விற்பனை பகிரங்கச் சந்தைக்கு வந்துவிட்டது. சுதந்திரமான சந்தையில் தனித்து நிற்கும் சிறு விவசாயிக்குப் பேரம் பேசும் வலிமை ஏது? சிக்கரி கலப்பை 49 சதவீதம் வரை அனுமதிக்கும் சட்டமும், நல்ல கொட்டைக்காக அவர் படும் சிரமத்தை மறைக்கவே உதவுகிறது.

மலைக்கிராமத்தார் ஒன்றுசேர்ந்து பழத்தைத் தோல் நீக்கி உலர்த்தித் தரம் பிரித்து விற்க வசதி செய்து தரவேண்டும். போர்டின் உத்தியோகஸ்தர்கள் ஏற்காட்டுக் கடைவீதியோடு திரும்பிவிடாமல், அக்கிராமங்களுக்கே சென்று கத்தி பிடித்துக் காட்டவேண்டும். வரும் அறுவடை முடிந்து பூமழை தொடங்குவதற்குள் இது நடைபெறவேண்டும்.