கியர் காரா, ஆட்டோமேட்டிக் காரா?
கார் ஓட்டப் பழகும் கிராமத்தார் முதலில் தெளிய வேண்டியவை

டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911ஆம் ஆண்டில் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய காலத்தில், மோட்டார் ஓட்டுவது ஒரு சிலரே அறிந்த வித்தையாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி ஆகிய வட்டாரங்களின் கிராமங்களிலும் கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் வந்துவிட்டன. உழவர் வீட்டுப் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் ஓட்டப் பழகுகின்றனர். அவர்கள் முன் இன்று ஒரு புதிய கேள்வி நிற்கிறது. கியர் காரில் பழகுவதா, அல்லது தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் காரில் பழகுவதா?

இது வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. ஓர் ஊரில் அவசரம் நேரும்போது வண்டியை எடுக்க எத்தனை பேரால் இயலும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே பஞ்சாயத்துப் பணியில் உள்ளோரும் இதைச் சிந்திப்பது நன்று.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமை

பாரம் ஏற்றிய வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்த மாடுகள் மிகுந்த பலத்தைச் செலுத்த வேண்டும். ஓடத் தொடங்கியபின் அத்துணை பலம் வேண்டியதில்லை. மோட்டாருக்கும் அப்படியே. எஞ்சினின் சுழற்சியை, புறப்படும்போது பலமாகவும் ஓடும்போது வேகமாகவும் சக்கரத்துக்கு மாற்றித் தருவதே கியர்ப் பெட்டியின் வேலை. கியரை மாற்றும் நேரத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைச் சிறிது துண்டித்து, பிறகு மெல்ல இணைப்பது கிளட்ச்.

கியர் காரில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என மூன்று மிதிகள் உண்டு. கிளட்சை இடக்கால் இயக்குகிறது. மற்ற இரண்டையும் வலக்கால் இயக்குகிறது. கியரை இடக்கை மாற்றுகிறது. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் மிதி இல்லை. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மட்டுமே உண்டு. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் கார் உலகுக்குப் புதியதன்று. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே அது பரவத் தொடங்கிற்று. நம் நாட்டில் சிறிய கார்களில் அது பெருகியது 2014ஆம் ஆண்டுக்குப் பின்னரே. அவ்வாண்டில் மாருதி நிறுவனம் செலேரியோ காரில் ஏ.எம்.டி. என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. வழக்கமான கியர்ப் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவியிடம் ஒப்படைப்பதே ஏ.எம்.டி. விலை அதிகம் ஏறாததால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. இப்போது வரும் மின்சாரக் கார்களிலும் கிளட்ச் மிதி கிடையாது.

சட்டம் சொல்வது

சிங்கப்பூரில் கியர் காருக்கு 3ஆம் வகுப்பு உரிமம், ஆட்டோமேட்டிக் காருக்கு 3ஏ வகுப்பு உரிமம் எனத் தனித்தனியே உண்டு. மலேசியாவிலும் டி, டி.ஏ. என இரு வகைகள் உள்ளன. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதித் தேறியவர் கியர் காரை ஓட்டக் கூடாது.

நம் நாட்டில் இந்தப் பிரிவினை இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்ற பாகுபாட்டை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கிறது. காருக்கு இலகுரக மோட்டார் வாகனம் என்ற ஒரே வகைதான். ஆகவே ஆட்டோமேட்டிக் காரில் பழகி லைசென்ஸ் பெற்றவர் மறுநாளே கியர் காரை ஓட்டினாலும் சட்டம் தடுப்பதில்லை. மேலும், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் இதே உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் கார் ஓட்ட 18 வயது போதும். சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உரிமம் ஒன்று, பழக்கம் இரண்டு. கிளட்சையே மிதித்தறியாத ஒருவர், உரிமம் இருக்கிறதே என்று பாரமேற்றிய கியர் வண்டியை எடுத்தால் என்னாகும்? ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளும். நாற்சந்தியில் எஞ்சின் நின்றுவிடும். பதற்றத்தில் கால் தவறான மிதியில் விழும். சட்டம் அளித்த அனுமதி காலுக்குப் பயிற்சி அளித்துவிடாது.

கிராமத்தில் நிற்கும் வண்டிகள் எவை?

எனவே டிரைவிங் ஸ்கூலுக்குப் போகுமுன், "என் வீட்டிலும் என் தெருவிலும் நிற்கும் வண்டிகள் எவை?" என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். விடியுமுன் மல்லிகைப் பூவை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கும், காய்கறியைப் பரவை மார்க்கெட்டுக்கும் கொண்டு செல்பவை, மக்கள் "குட்டி யானை" என்று அழைக்கும் வண்டியும் அதையொத்த சிறு சரக்கு வண்டிகளுமே. இவை பெரும்பாலும் கியர் வண்டிகள். டிராக்டரும் அப்படியே. பழைய கார்களை வாங்குவோருக்குக் கிடைப்பவையும் மிகுதியாகக் கியர் கார்களே.

ஓர் இரவை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டில் பிரசவ வலி கண்டுவிட்டது. 108க்குச் சொல்லியாயிற்று. இருப்பினும் வண்டி வரும் வரை காத்திராமல் எதிரே சென்று சேரலாம் என்று உறவினர் எண்ணுகின்றனர். தெருவில் நிற்பது ஒரு கியர் வண்டி. அதன் சொந்தக்காரர் வெளியூர் சென்றிருக்கிறார். சாவி வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள மருமகளோ ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர். அந்த இரவில் அவருடைய லைசென்ஸால் யாருக்கு என்ன பயன்? அவர் கியர் வண்டியில் பழகியிருந்தால் இரண்டு வகை வண்டிகளையும் எடுக்க வல்லவராயிருப்பார். கியரில் பழகியவர் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுவது எளிது. ஆட்டோமேட்டிக்கில் மட்டும் பழகியவர் கியருக்கு மாற மீண்டும் பயிற்சி பெற வேண்டும்.

டிராக்டர் ஓட்டிப் பழகிய உழவருக்குக் கியர் காரில் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது என்றே கூறலாம். கிளட்சை மெல்ல விடுவதும், எஞ்சினின் ஓசை கேட்டுப் பாரத்தை அறிவதும் அவர் அறிந்தவையே. கண்ணாடி பார்த்தல், வேகத்தை அளந்து நடத்தல், நகர நெரிசலில் இடம் விட்டுச் செல்லுதல் ஆகியவற்றையே அவர் புதிதாகக் கற்க வேண்டும்.

சாலைகள் கற்பிப்பவை

மதுரை மாசி வீதிகளிலும் கோரிப்பாளையம் சந்திப்பிலும் அடிக்கு அடி நின்று நின்று செல்லும்போது, கியர் கார் ஓட்டுபவரின் இடக்கால் ஓய்ந்துபோகும். அரைக் கிளட்சிலேயே வண்டியை ஊர்ந்து செல்ல விடுவோருக்குக் கிளட்ச் தட்டும் விரைவில் தேயும். இத்தகைய இடங்களில் ஆட்டோமேட்டிக் கார் பெரிய உதவி என்பதை மறுப்பதற்கில்லை.

மேட்டில் நின்று புறப்படுவதே கியர் காரில் புதியவருக்கு மிகக் கடினமான பாடம். கை பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்தபின் கை பிரேக்கை விடுவிக்க வேண்டும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் இதைப் பிழையின்றிச் செய்யும் வரை பயிற்சி முடிந்ததாகக் கருதலாகாது. ஏ.எம்.டி. கார்களிலும் சில மேட்டில் சற்றே பின்வாங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குச் சென்று திரும்புவோர், இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்து வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் காரில் இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஆட்டோமேட்டிக் காரிலும் கீழ்க் கியரில் நிறுத்திக்கொள்ள வழி உண்டு. அதை அறியாமலே மலை ஏறுபவர் பலர்.

ஆட்டோமேட்டிக் காருக்கென்று தனி அபாயங்களும் உள்ளன. 'டி' நிலையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலான கார்கள் தாமாகவே நகரும். முற்றத்தில் எஞ்சின் ஓட விட்டு இறங்குவது குழந்தைகள் உள்ள வீட்டில் பேராபத்து. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் வலக்காலால் மட்டுமே இயக்க வேண்டும். இடக்கால் ஓய்ந்திருக்க வேண்டும். பாட்டரி தளர்ந்தால் கியர் காரைத் தள்ளிவிட்டுக் கிளப்பலாம். ஆட்டோமேட்டிக் காரை அவ்வாறு கிளப்ப முயலக் கூடாது.

யாருக்கு எது?

இளைஞர்கள், சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்க எண்ணுவோர், வீட்டில் கியர் வண்டி உள்ளோர் ஆகியோர் கியர் காரிலேயே பழகுவது நலம். முழங்கால் வலியுள்ள முதியோர், தம் சொந்த ஆட்டோமேட்டிக் காரை மட்டுமே ஓட்டப் போகிறவர், கிளட்சைக் கண்டு அஞ்சிப் பயிற்சியையே கைவிடத் துணிந்தவர் ஆகியோர் ஆட்டோமேட்டிக் காரில் பழகலாம். அதில் குறைவொன்றும் இல்லை. வண்டியே ஓட்டத் தெரியாதிருப்பதைவிட ஒன்றை நன்றாக ஓட்டத் தெரிவது மேல். ஆனால் அவர்கள் பின்னர் கியர் வண்டியை எடுக்க நேர்ந்தால், ஆசிரியரின் துணையோடு மீண்டும் பயிலாமல் சாலைக்கு வரலாகாது.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

எல்.எல்.ஆர். பெற்ற நாளிலிருந்து 30 நாட்கள் கழிந்த பின்னரே தேர்வுக்குச் செல்லலாம், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். இந்த இடைக்காலத்தை வீணாக்காமல், பழக விரும்பும் இளைஞர்களையும் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களையும் ஒன்றுசேர்த்து ஒரே பள்ளிக்கு அனுப்பலாம். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கத்திலும் பிரேக் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். விதிப்படி அது இருந்தாக வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் மட்டும் வைத்துள்ள பள்ளியானால், கியர் காரிலும் சில நாட்கள் பயிற்சி தர இயலுமா என்று விசாரிக்க வேண்டும். ஊரில் கியர் வண்டி ஓட்ட வல்லவர் யார் யார் என்ற பட்டியல் ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்தால், அவசர இரவில் கதவு கதவாகத் தட்ட வேண்டியிராது.

எந்தக் காரில் பழகினாலும், சாலையில் ஆடு மாடும், காயும் நெல்லும், விளக்கில்லாத டிரெய்லரும் எதிர்ப்படும் என்பதை மறவாதவரே நல்ல ஓட்டுநர். கியரை வண்டி மாற்றிக்கொள்ளலாம். கவனத்தை மனிதனே வைக்க வேண்டும். லைசென்ஸ் கையில் வந்த நாளில், "என் தெருவில் நிற்கும் எந்த வண்டியையும் அச்சமின்றி எடுக்க என்னால் முடியுமா?" என்று தம்மைத் தாமே கேட்டு, "முடியும்" என்று சொல்லத்தக்கவர்கள் நம் கிராமங்களில் பெருகுவார்களாக.