சட்டாம்பிள்ளையின் தகுதி

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்ணயர்ந்தாலும் பாடம் நிற்காது. சட்டாம்பிள்ளை இருப்பான். சின்னப் பிள்ளைகளின் விரல் பிடித்து மணலில் ‘அ’னா எழுதவைப்பான். அவர்களைவிட நாலு பாடம் முன்னால் போயிருப்பான். அதுவே அவன் தகுதி.

1789-ல் எழும்பூர் ராணுவ ஆண் அனாதை விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னபோது துணை ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. அரிச்சுவடி வகுப்பை எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் ஒப்படைத்தார். சிப்பாய் மகனான அந்தச் சிறுவன் செய்து காட்டினான். 1797-ல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறுநூலுக்குப் பின், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த ‘மதராஸ் முறை’ இங்கிலாந்தெங்கும் பரவியது.

பொடியன்களை மட்டும் நம்பி வகுப்பு நடத்த முடியாது என்பது அங்கே போகப் போகப் புரிந்தது. 1846-ல் அரசு ‘மாணவ ஆசிரியர்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 13 வயது நிறைந்தவர் ஐந்தாண்டு தொழில் பழக வேண்டும். தலைமை ஆசிரியர் அவருக்குத் தனியே பாடம் நடத்த வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வாளர் தேர்வு வைப்பார். உதவித்தொகை முதல் ஆண்டு 10 பவுண்டு, ஐந்தாம் ஆண்டு 20 பவுண்டு.

இன்று இங்கிலாந்துப் பள்ளிகளில் வகுப்பறை உதவியாளர்கள் 2.5 லட்சத்துக்கும் மேல். குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். படிப்புக்கோ நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வில் தேர்ச்சியைப் பல பள்ளிகள் கேட்கின்றன. சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. முடித்தால் நல்லது, அவ்வளவுதான். ‘உயர்நிலை உதவியாளர்’ ஆக விரும்புவோர் மட்டும் 33 தரவிதிகளை நிறைவேற்றிக் காட்ட வேண்டும்.

படிக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் பெரும்பாலும் உட்காருவது இந்த உதவியாளர்தான். லண்டன் கல்வியியல் நிறுவனத்தின் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழு 2003 முதல் 2008 வரை நடத்திய ஆய்வில், உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகளே குறைவாக முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்களை அந்தக் குழு குறைசொல்லவில்லை. ஆசிரியரோடு உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிட அவர்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை என்றது.

சட்டாம்பிள்ளை நேற்றுத் தான் படித்ததை இன்று சொல்லிக்கொடுத்தான். இந்த உதவியாளர்களில் பலருக்கோ, வகுப்பு தொடங்கி ஆசிரியர் வாய் திறந்த பிறகுதான் இன்றைக்கு என்ன பாடம் என்றே தெரிகிறது.