புயல் ஓய்ந்த பத்தாம் நாள்: வீட்டைச் சுற்றிப் பெருகும் கொசு

புயல் கரையைக் கடந்த முதல் வாரத்தில் கொசுத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. பெருமழையும் வெள்ளமும் ஏற்கெனவே இருந்த புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். சாய்ந்த மரத்தையும் மூழ்கிய பயிரையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தலைமுறை கொசு வெளியே வந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாததால், கிடைத்த தண்ணீரை டிரம், அண்டா, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. ஓடு பறந்த கூரையின் மேல் தார்ப்பாய், தோப்பு முழுவதும் தென்னைக் கழிவு. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

ஏடிஸ் பெரும்பாலும் சாக்கடையிலோ வெள்ளம் நிற்கும் வயலிலோ வளர்வதில்லை. அதற்குத் தேவை, அசையாமல் நிற்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர். பொதுவாக 100, 200 மீட்டருக்கு மேல் அது பறந்து போவதும் இல்லை. ஆகவே பகலில் நம்மைக் கடிக்கும் கொசு நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

ஊற்றினால் போதாது, தேய்க்க வேண்டும்

இந்தக் கொசு, டிரம்மின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் இருந்தால் அன்றைக்கே இதையும் முடித்துவிடலாம்.

தண்ணீருக்கே தட்டுப்பாடு இருக்கும்போது கொட்ட மனம் வராது. கொட்டவும் வேண்டாம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு டிரம்மைத் தேயுங்கள். துணியில் தங்கும் புழுக்களைக் காய்ந்த மண்ணில் உதறினால் செத்துவிடும். மூடி சரியாகப் பொருந்தாத டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளுக்குச் சுகாதாரத் துறை களப்பணியாளர்கள் மருந்து ஊற்றுவார்கள். அதை அவர்கள் சொல்லும் அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வயலுக்கு வாங்கி மிச்சமிருக்கும் பூச்சிக்கொல்லியில் ஒரு சொட்டைக்கூடப் புழங்கும் தண்ணீரில் விடக் கூடாது. அதை மாடும் குடிக்கும், பிள்ளைகளும் குடிப்பார்கள்.

தோப்பில் ஒரே வேலை, இரண்டு பலன்

சாய்ந்த தென்னையை அறுத்து எடுத்த பிறகு நிற்கும் அடிக்கட்டையின் குழியில் தண்ணீர் தேங்கும். உதிர்ந்த பாளை படகுபோலக் கிடந்து மழைநீரைப் பிடிக்கும். கொட்டாங்குச்சி, குடித்துப் போட்ட இளநீர்க் கூடு, நாற்றங்கால் பிளாஸ்டிக் தட்டு, பழைய டயர் எதுவும் விலக்கல்ல. ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரிலேயே பத்துப் பதினைந்து புழு நெளியும். கட்டைக் குழியை மண்ணால் நிரப்பி மூடுங்கள். மற்றவற்றைக் கவிழ்த்து வைக்கலாம் அல்லது ஓரிடத்தில் சேர்த்து மழை படாமல் மூடலாம்.

மட்கும் தென்னங்கட்டையும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள். புயலுக்குத் தப்பிய மரங்களின் குருத்தை அடுத்த ஆண்டு குடையப் போவது அந்த வண்டுதான். கட்டைகளைத் தோப்பில் அழுக விடாமல் அப்புறப்படுத்தினால் மரத்துக்கும் பாதுகாப்பு, வீட்டுக்கும் பாதுகாப்பு. ஆட்கூலிக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கூரைத் தார்ப்பாயைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். மாட்டுத் தொட்டியையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். பலர் கவனிக்காத இடம் கழிப்பறைத் தொட்டியின் காற்றுக்குழாய். காற்றில் அதன் வலை பறந்திருந்தால் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அதன் வழியே கூட்டமாக வெளிவரும். கைப்பிடி அளவு நைலான் வலையை வைத்துக் கட்டினால் போதும்.

வயலிலும் கொசு உண்டு, ஆனால் அது வேறு வகை. நெல் வயலில் பெருகும் சில கியூலெக்ஸ் கொசுக்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. மூழ்கிய சம்பாவில் பயிருக்காக எப்படியும் தண்ணீரை வடிக்கத்தான் போகிறோம். பிறகும் மழை இடைவெளி தரும்போது காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் புழு முழு வளர்ச்சி அடையாது. கழிவு எண்ணெயை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது.

புகை மருந்து அடிக்க வண்டி வரவில்லை என்று ஊராட்சியைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் புகை அப்போது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். டிரம்மில் இருக்கும் புழுவை அது தொடாது.

காய்ச்சல் வந்தால் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் தென்பட்டால் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த இரண்டு நாள்தான்.