எடுத்துப் போடுகிறவர்களின் ஆட்டம்

2025 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுவிஸ் ஓபன் இறகுப்பந்துப் போட்டி நடந்தது. அப்போது உலகின் இரண்டாம் நிலை வீரராக இருந்தவர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆன்டன்சென். அவரை எதிர்த்து ஆடிய சென்னை இளைஞர் சங்கர் முத்துசாமி முதல் கேமை 18-21 என்று இழந்தார். இரண்டாவதை 21-12 என்று எடுத்தார். மூன்றாவது கேமில் ஆன்டன்சென்னுக்குக் கிடைத்தவை ஐந்தே புள்ளிகள்.

இடது கை ஆட்டக்காரரான சங்கரின் பெரும் பலம் பொறுமையான தற்காப்பு. 2022-இல் ஸ்பெயினின் சாந்தாந்தேரில் நடந்த உலக ஜூனியர் போட்டியிலும் அந்தப் பொறுமைதான் அவரை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய் வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தது. எதிராளி எங்கே அடித்தாலும் ஓடிப்போய் எடுத்துப் போடுகிற ஆட்டம் அவருடையது.

'எடுத்துப் போடுகிறவர்' என்றால் நம்மூரில் கொஞ்சம் இளக்காரம்தான். திருவண்ணாமலையில் விடுமுறை நாள் மாலைகளில் தெருவில் வலை கட்டி ஆடும் பிள்ளைகளுக்கும் ஸ்மாஷ் அடிப்பவனே நாயகன். ஆனால் இந்த விளையாட்டின் இயற்பியல் அடிப்பவரின் பக்கம் மட்டும் நிற்பதில்லை.

ஷட்டிலின் எடை ஐந்து கிராம் அளவுதான். அதில் 16 இறகுகள் விரிந்து நிற்பதால், காற்று அதை மிகக் கடுமையாகப் பிடித்து இழுக்கிறது. இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் பதிவாகியுள்ளது. அது ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்தில் அளந்த வேகம். எதிர்ப்பக்கம் வந்து சேர்வதற்குள் எந்த ஸ்மாஷும் தன் வேகத்தில் பெரும்பகுதியைத் தொலைத்துவிடும். அடிப்பவர் எவ்வளவு பின்னால் நிற்கிறாரோ அவ்வளவு கூடுதலாகக் காற்று அதைத் தின்னும்.

தற்காப்பின் முதல் சூத்திரம் இங்கேதான் பிறக்கிறது. 13.4 மீட்டர் நீளக் கோர்ட்டின் கடைசிக் கோட்டருகே போய் விழும்படி ஷட்டிலை உயரமாகத் தூக்கிவிட வேண்டும். உயரப் போன ஷட்டில் கடைசியில் ஏறக்குறைய செங்குத்தாக விழும். அடிப்பவர் அதைத் தேடிப் பின்கோடு வரை ஓட வேண்டும். அங்கிருந்து அடித்தால் வேகம் வீணாகும். அதற்குள் தூக்கிப் போட்டவர் நடுக்கோர்ட்டுக்குத் திரும்பி, மூச்சு வாங்கி, கால்களைத் தயார் செய்துகொள்வார். அப்படித் தூக்கிய ஷட்டில் ஒரு மீட்டர் குறைந்து விழுந்தால் கதை முடிந்தது. தற்காப்பு ஆட்டக்காரரின் தரத்தை அறிய வேண்டுமானால், அவர் தூக்குகிற ஷட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே போதும்.

அடுத்தது உடல். ஸ்மாஷை எதிர்கொள்ள அரை விநாடிகூடக் கிடைக்காது. அதனால் எதிராளி அடிக்கும் அதே கணத்தில் வீரர் ஒரு சின்னத் துள்ளல் போட்டு இரண்டு கால்களிலும் எடையை இறக்குகிறார். எந்தப் பக்கமும் பாய அது வழிவிடும். ராக்கெட் உடலுக்கு முன்னால் இருக்கும். பிடி தளர்வாக இருந்து, ஷட்டில் படும்போது மட்டும் விரல்கள் இறுகும். உடம்பை நோக்கி வரும் அடிக்குப் பெரும்பாலும் பேக்ஹேண்ட்தான் கைகொடுக்கும். திருப்பி அனுப்பும்போது மெல்லத் தடுத்து வலையோரம் விழவைக்கலாம், மறுபடி பின்கோட்டுக்குத் தூக்கலாம், அல்லது நெஞ்சுயரத்தில் வேகமாகவே திருப்பி அடிக்கலாம். எது வரும் என்று தெரியாதவரை ஸ்மாஷ் அடித்தவரால் முன்னே பாயவும் முடியாது, பின்னேயே நிற்கவும் முடியாது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1980-இல் ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டத்தில் பிரகாஷ் படுகோன் சந்தித்தது, தாவி அடிக்கும் ஸ்மாஷுக்குப் பேர்போன இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங்கை. பிரகாஷ் வேகத்துக்கு வேகம் என்று போகவில்லை. ஆட்டத்தின் வேகத்தையே குறைத்து, பின்கோட்டுக்குத் தூக்கும் துல்லியமான டாஸ்களாலும் வலையோரம் விழும் டிராப்களாலும் அவரை அலைக்கழித்தார். 15-3, 15-10 என்ற கணக்கில் ஆல் இங்கிலாந்து பட்டம் முதன்முறையாக ஓர் இந்தியரிடம் வந்தது.

2006-இல் வந்த 21 புள்ளி முறை இந்தப் பாணியின் மதிப்பைக் கூட்டியது. முன்பு சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. இப்போது யார் தவறு செய்தாலும் மற்றவருக்குப் புள்ளி. அவசரப்பட்டு வெளியே அடிக்கும் ஒவ்வொரு ஸ்மாஷும் எதிராளிக்குத் தானமாகப் போகிறது.

2017-இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். நெட்டையான பி.வி. சிந்துவுக்கு எதிரே, அவரைவிட உயரத்தில் மிகவும் குறைந்த ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. சிந்துவின் உயரத்துக்கும் ஸ்மாஷுக்கும் ஒகுஹாரா வைத்திருந்த பதில், சளைக்காத கால்கள். ஒரே ஒரு புள்ளிக்காக 73 அடிகள் நீண்ட ராலி அந்த ஆட்டத்தில்தான் நிகழ்ந்தது. 110 நிமிடங்களுக்குப் பிறகு 21-19, 20-22, 22-20 என்று வென்றவர் ஒகுஹாரா.

எடுத்துப் போடுவது மட்டுமே போதுமா என்றால், போதாது. உலக ஜூனியர் இறுதியில் சங்கரே தைவானின் குவோ குவான்-லின்னிடம் 14-21, 20-22 என்று தோற்றார். நீண்ட ராலியில் எதிராளி தளரும் கணம் கண்ணில் பட்டதும் முடித்து வைக்கிற அடியும் கையில் இருக்க வேண்டும். இன்று இந்தக் கலவைக்கு மிகச் சிறந்த உதாரணம் தென்கொரியாவின் ஆன் சே-யங். விழுந்து புரண்டு எடுப்பார். அடுத்த அடியிலேயே தாக்குவார். 2023 உலகப் பட்டமும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கமும் அவரிடம் இருக்கின்றன.

மாவட்டங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்மாஷுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது தற்காப்புக்குக் கொடுங்கள். தளர்ந்த பிடியோடு பேக்ஹேண்டில் சுவரில் தட்டித் தட்டிப் பழக ஒரு வெறுஞ்சுவர் போதும். பின்கோட்டுக்குத் தூக்கிப் பழகப் பழைய ஷட்டில்கள் ஒரு கூடை போதும். இரண்டும் எல்லா ஊரிலும் கிடைக்கும்.