கொச்சியில் அச்சான பாவசங்கீர்த்தன நூல்

தமிழின் முதல் அச்சு நூல்கள் எங்கே அச்சாயின என்று நம்மவர்களைக் கேட்டால் தரங்கம்பாடி என்பார்கள், சென்னை என்பார்கள். நம்ம ஊரு கொச்சிக்கும் அதில் பங்குண்டு என்று சொல்ல ஆள் குறைவு. 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1580-இல் மறுபடியும் கொச்சியிலேயே 'கொம்பெசியொனாயரு'. மூன்றையும் தமிழில் தந்தவர் அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசிய இயேசு சபைக் குரு. புகழெல்லாம் முதல் நூலுக்கே போய்விட்டது. என் பார்வையில் மூன்றாவதுதான் மனிதரைத் தொடுகிறது. பாவங்களைக் குருவிடம் எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லித்தரும் நூல் அது.

அதற்கு அவசியம் இருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் கிறிஸ்தவரானார்கள். குருக்களுக்கோ தமிழ் தெரியாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன். தன் ரகசியத்தை ஊர்க்காரன் ஒருத்தன் காதில் போட்டுவிட்டு எவன்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போவான்? அடிகளார் தமிழ் கற்று, மொழிபெயர்ப்பாளரை விலக்கினார்.

வினை செய்தவன் வினையை அனுபவிக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. கிறிஸ்தவம் இன்னும் கடினமாகத் தொடங்குகிறது. ஆதி மனிதனின் வீழ்ச்சியால் மனித இயல்பே காயப்பட்டது, அதுவே ஜென்மப்பாவம். சொந்த முயற்சியால் மட்டும் அதிலிருந்து கரையேற முடியாது. ஆகவேதான் 'மீட்பு' என்ற சொல். அடகில் மூழ்கவிருக்கும் நகையை இன்னொருவர் பணம் கட்டி மீட்டுத் தருகிறாரே, ஏறக்குறைய அந்தப் பொருள்தான். கிறிஸ்து கட்டிய விலை தம் உயிர். (நாமும் மலையாளிகளும் இரக்கப்பட்டால் "ஐயோ பாவம்" என்கிறோம். பாவமும் பரிதாபமும் ஒரே சொல்லில் இருப்பது இங்கே பொருந்தித்தான் போகிறது.)

அப்படியென்றால் என்ன செய்தாலும் மன்னிப்பு உண்டா என்று கேட்பார்கள். கத்தோலிக்க முறையில் அது அவ்வளவு சுளுவல்ல. மனம் வருந்த வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சீர்திருத்த சபையார் குரு இல்லாமல் நேரே கடவுளிடம் அறிக்கையிடுவார்கள். ஆனாலும் மனந்திரும்புதலை அவர்களும் விடுவதில்லை.

1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்துக் கத்தோலிக்கக் கோவில்களில் பலவற்றை இடித்தார்கள். 'கொம்பெசியொனாயரு'வைப் பார்க்க விரும்புகிறவர் இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போக வேண்டும்.