ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். பகை நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பீத்தோவன் வாசித்தால் என்ன மாறிவிடும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

1999-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் தொடங்கியது இந்த இசைக்குழு. கூட்டியவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவர் இஸ்ரேலில் வளர்ந்த இசைக்குழு நடத்துனர் டேனியல் பாரன்பாயிம். மற்றவர் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனரான பேராசிரியர் எட்வர்ட் செய்த். இஸ்ரேலியரும் அரபு நாட்டவருமாக இளம் கலைஞர்கள் வந்தார்கள். பாரசீகக் கவி ஹாஃபிஸைப் படித்து ஜெர்மன் கவி கதே எழுதிய கவிதைத் தொகுப்பின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள்: மேற்கு-கிழக்கு திவான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆர்கெஸ்ட்ராவில் வயலின், செல்லோ வாசிப்பவர்களில் இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட். இருவருக்கும் ஒரே இசைத்தாள். வில் எந்த இடத்தில் மேலே போகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்பதுகூட ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் பக்கத்தைப் புரட்டும்போது மற்றவர் விடாமல் வாசிக்க வேண்டும். ஒரே உரலில் இரண்டு பேர் நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் உலக்கை எப்போது இறங்கும் என்று தெரியாமல் தன் உலக்கையைப் போட முடியாது. அப்படித்தான். அதுவரை ஓர் இஸ்ரேலியரைக்கூடச் சந்தித்திராத சிரிய இளைஞன், இஸ்ரேலியச் செல்லோ கலைஞரோடு ஒரு ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்டதைப் பாரன்பாயிம் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரே சுரத்தை, ஒரே அழுத்தத்தில், ஒரே வில்வீச்சில் கொண்டுவர முயன்றார்களாம். பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்காமல் அது முடியவே முடியாது. எனக்கு இந்த அமைப்பின் உயிரே அந்த ஸ்டாண்டில்தான் தெரிகிறது.

இதைச் சமாதானம் என்று சொல்லிவிடக் கூடாது. பாரன்பாயிமே அப்படிச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவரைப் பற்றிய அறியாமையைப் போக்கும் முயற்சி என்றார். 2003-ல் செய்த் காலமானார். 2005 ஆகஸ்டில் குழு பாலஸ்தீன நகரான ரமல்லாவில் வாசித்தது. அங்கே போக இஸ்ரேலியருக்குச் சட்டப்படி தடை. சிரியர், லெபனானியருக்கோ இஸ்ரேலியக் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தாண்டி வருவதே ஆபத்து. ஸ்பெயின் அரசு எல்லோருக்கும் ராஜதந்திரக் கடவுச்சீட்டு கொடுத்த பிறகுதான் அந்த மேடை சாத்தியமானது. வாசித்தது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. ஒரு மாலைக் கச்சேரிக்கு ஓர் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது என்றால், அந்தப் பிள்ளைகள் எந்த மாதிரி வேலிகளைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக்கிரமிப்பாளரையும் ஆக்கிரமிக்கப்பட்டவரையும் சமமாகக் காட்டுகிறது என்று இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோரும் பாலஸ்தீன இயக்கத்தினர் இந்தக் குழுவைக் கண்டித்தார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. கச்சேரி முடிந்ததும் ஒருவர் சோதனைச்சாவடிக்குத் திரும்புகிறார், இன்னொருவர் அப்படியில்லை. ஆனாலும் அந்த ஸ்டாண்டைக் கலைத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் முகாமில் வாசிப்பு முடிந்த பிறகு அரசியலையும் வரலாற்றையும் முகத்துக்கு நேரே விவாதித்தார்கள். அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாக பெர்லினில் பாரன்பாயிம்–செய்த் அகாடமி 2016-ல் வகுப்புகளைத் தொடங்கியது. அங்கே படிக்க வரும் கலைஞர்கள் வாத்தியத்தோடு தத்துவமும் வரலாறும் படித்தாக வேண்டும்.